மற்றும் குழு

அந்த மேஜிக் ஷோவின் போஸ்டரில் மூன்று வரிகள் இருக்கும். முதல் வரியில் மாஸ்டரின் பெயர், ஒவ்வோர் எழுத்தும் ஒரு கைக்குழந்தை உயரத்துக்கு. இரண்டாவது வரியில் "பன்னிரண்டு வாள்! ஒரே பெட்டி! உயிரோடு ஒரு பெண்!" என்று ஆச்சரியக்குறிகள் வரிசைகட்டி நிற்கும். மூன்றாவது வரி கடைசியில், பசை தடவுகிறவர் கொஞ்சம் தாராளமாகத் தடவினால் மறைந்துபோகும் பொடி எழுத்தில்: "மற்றும் குழு".

குழுவில் இருந்தது ஒரே ஆள். மாஸ்டரின் மனைவி.

திரை இழுப்பது, புறாக்களுக்குத் தீனி போடுவது, பட்டுக் கைக்குட்டைகளைத் துவைத்து இஸ்திரி போடுவது, மாஸ்டரின் கோட்டில் பிய்ந்துபோன பைகளைத் தைப்பது, பாட்டுப் பெட்டியைச் சரியான நொடியில் தட்டுவது, கடைசியில் மினுமினுக்கும் உடையை மாட்டிக்கொண்டு சிரித்தபடி பெட்டிக்குள் இறங்குவது, எல்லாம் குழுவின் வேலை. வீட்டிலும் அதுதான் பெயர்.

"என்ன, மற்றும் குழுவே, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்பார் மாஸ்டர்.

"குழு வேலையா இருக்கு. தனிநபர் எழுந்துபோய் எடுத்துக்கலாம்."

பத்தொன்பது வயதில் அவள் ஒரு தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான ஓர் இளைஞர் கறுப்புக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, உட்புறம் பதினொரு பைகள் வேண்டும் என்றார். கடைக்காரர் வெளியே போயிருந்தார். அவள் கோட்டைத் திருப்பிப் பார்த்தாள், ஆளையும் பார்த்தாள்.

"பதினொண்ணா? திருடப் போறீங்களா?"

"இல்லீங்க. மறைக்கப் போறேன்."

அவர் காட்டிய இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வந்தவள் ஆறாவது பையில் கையை நிறுத்தினாள். "இந்தப் பை தப்பு. கை இங்கே வந்து எடுக்கிறதுக்குள்ள முன்வரிசைக்காரங்க பாத்துடுவாங்க. ரெண்டு விரல் கீழே இறக்குங்க" என்றாள். அவர் வாயைப் பிளந்தார். வெறும் கோட்டை மட்டும் பார்த்தே வித்தையைக் கண்டுபிடித்துவிட்டாள். "ரகசியம் வெளியே போயிடக்கூடாதேன்னு கல்யாணம் பண்ணிக்கிட்டேன்" என்று மாஸ்டர் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். ஆனால் மேடையில் கைதட்டல் வாங்கிய கோட்டில் அந்த ஆறாவது பை இரண்டு விரல் கீழேதான் இருந்தது.

இப்போது பெட்டிக்கு வருவோம். இடுப்பளவு உயரம், ஒரு மனுஷி குந்தி உட்காரும் அகலம். சுற்றிலும் பன்னிரண்டு துளைகள். அவள் உள்ளே போவாள், மூடி விழும், மாஸ்டர் ஒவ்வொரு வாளாக உயர்த்திக் காட்டி, கண்களை உருட்டி, துளையில் செருகி மறுபக்கம் வரவழைப்பார். பன்னிரண்டும் போனபிறகு பெட்டி முள்ளம்பன்றி மாதிரி நிற்கும். பிறகு வாள்களை உருவுவார். மூடி திறக்கும். அவள் ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து நிற்பாள். கூட்டம் எழுந்து மாஸ்டருக்குக் கைதட்டும்.

அவர்கள் தொழிலின் ரகசியம் எதையும் நான் இங்கே உடைக்கப்போவதில்லை. அதற்கு அவசியமும் இல்லை. வாள் வளையாது. மரப்பலகையும் வளையாது. மாஸ்டரின் வசியப் பார்வை பட்டால் ஒரு கரண்டிகூட வளையாது. அப்படியானால் அந்தப் பெட்டிக்குள் வளைவது எது? இதைக் கேட்க மேதாவியாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் இருபத்திரண்டு வருடங்களில், ஆயிரக்கணக்கான பேரில், ஒருவரும் கேட்கவில்லை. மனிதன் கண்ணால் பார்ப்பதில்லை, காட்டிய பக்கம் பார்க்கிறான். உலகத்தில் பாதி அநியாயம் இந்த ஒரு பழக்கத்தில்தான் பிழைப்பு நடத்துகிறது.

ஒரு பத்திரிகை எழுதியது: "மாஸ்டரின் வாள்கள் அந்தப் பெண்ணின் உடலைக் காற்றைப்போல் ஊடுருவின." காற்றுக்கு அன்று நூற்றொரு டிகிரி காய்ச்சல். இன்னொரு வருடம் காற்று பிள்ளை பெற்று இரண்டே மாதத்தில் மறுபடி பெட்டிக்குள் இறங்கியது. முதுகு பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கேட்டார்: "என்னம்மா வேலை பாக்குறீங்க?"

"உக்காந்த வேலைதான் டாக்டர்" என்றாள். உண்மையைச் சொன்னால் ரகசியம் போய்விடும்.

அவள் அழுதுவடிந்துகொண்டிருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. இருட்டில், நான்கு பலகைகளுக்கு நடுவே, உடம்பின் ஒவ்வொரு கணுவும் ஒரு கடிகாரத்தின் பற்சக்கரம்போல முறைப்படி நகர்வதில் அவளுக்கு ஒரு பெருமை. ஏழாவது வாள் வரும்போது மாஸ்டர் எப்போதும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துவிடுவார், அதை உள்ளிருந்தே விரலால் தட்டி நேராக்குவாள். பார்வையாளர்களிலே யாராவது ஷோ முடிந்து வந்து, "உங்க வாளை எங்கம்மா தலையில ஒரு தடவை தொட்டு எடுக்கணும், ரொம்ப நாளா தலைவலி" என்று கேட்டால் மாஸ்டருக்கு முன்னால் அவள்தான் பதில் சொல்வாள்: "அண்ணே, இந்த வாள் வெண்ணெயைக்கூட வெட்டாது. பேருந்து நிலையத்துக்குப் பின்னாடி ஆஸ்பத்திரி இருக்கு. இப்பவே கூட்டிட்டுப் போங்க." போகிறார்களா என்று வாசல்வரை வந்து பார்ப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டி ஒரு புறாவால் நின்றது.

புறா அலமாரிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. மாஸ்டர் அதைப் பிடிக்க ஒரு மேசைமேல் ஏறினார். அது வித்தை மேசை. தாழ்ப்பாளைப் போடாவிட்டால் லேசாகத் தொட்டாலே மடிந்து சரியும், மேலே வைத்தது மாயமாகும். அந்தத் தாழ்ப்பாளை இருபத்திரண்டு வருடமாகப் போட்டதும் எடுத்ததும் குழு. மாஸ்டருக்கு அப்படி ஒரு தாழ்ப்பாள் இருப்பதே மறந்துவிட்டது. மேலே வைத்தது மாயமாயிற்று. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. மூன்று மாதத்துக்கு மாவுக்கட்டு.

பள்ளி விடுமுறை தொடங்க மூன்று வாரம் இருந்தது. விடுமுறையில் நகர அரங்கத்தில் பதினெட்டு ஷோக்கள் பேசி முடித்திருந்தார்கள்.

"நான் பண்றேன்" என்றாள் அவள்.

"எதை?"

"எல்லாத்தையும். சீட்டு, கைக்குட்டை, வளையம், புறா. எது எனக்குத் தெரியாது? நீங்க பண்ணும்போது பாதி நேரம் நான்தானே திரைக்குப் பின்னாடி உதட்டை அசைச்சுக்கிட்டு இருக்கேன்."

மாஸ்டர் யோசித்தார். நல்ல மனிதர்தான். வீண்பெருமை உண்டு, கெட்டகுணம் கிடையாது. "பண்ணு. எனக்கென்ன. வீட்டுல ஒருத்தர் கை நல்லா இருந்தா போதும்" என்றார்.

அரங்கத்து மேலாளர்தான் முட்டுக்கட்டை போட்டார். "மேடையில வித்தை காட்டுறவங்க சங்கத்து கார்டு வெச்சிருக்கணும்மா. இது விதி."

"கார்டு வெச்சிருக்கிறவர் கை மாவுக்கட்டுல இருக்கு சார்."

"அப்ப ஷோவும் மாவுக்கட்டுலதான் இருக்கும். நான் என்ன பண்ண?"

ஆகவே அவளுக்கு ஒரு கார்டு வேண்டும். மூன்று வாரத்துக்குள். உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை. அதில் "வித்தைக் கலைஞர்" என்று அவள் பெயரோடு எழுதியிருக்க வேண்டும். கார்டு இல்லை என்று ஒருவர் சொல்லிக் கேட்டபிறகுதான், பதினெட்டு ஷோக்கள் இல்லாவிட்டாலும் தனக்கு அந்த அட்டை வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. இருபத்திரண்டு வருடமாகத் தோன்றாமல் இருந்ததே என்று அவளுக்கே வியப்பு.

வித்தைக் கலைஞர்கள் சங்கத்தின் விதிப்புத்தகத்தை மகள் வாங்கிவந்தாள். மகள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். எதையும் இரண்டு தடவை சோதித்துப் பார்க்கும் பழக்கம். சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள்.

"விதி ஒண்ணு. வித்தையின் ரகசியத்தை அறிந்து, அதைக் காப்பவரே வித்தைக் கலைஞர் ஆவார். சரி. விதி நாலு. மனு செய்பவர் ஐந்து ஆண்டுகளாவது ஒரு வித்தையைத் தாமே செய்திருக்க வேண்டும். உனக்குத்தான் இருபத்திரண்டு ஆச்சே. பெட்டிக்குள்ள நீ என்ன பண்றேன்னு எழுதிடு."

"ஏழாவதைப் படி."

"விதி ஏழு. வித்தையின் ரகசியத்தைப் பிறருக்குச் சொன்னவருக்கு ஆயுளுக்கும் கார்டு கிடையாது." மகள் புத்தகத்தை மூடினாள். "சொல்லலைன்னா நீ ஒண்ணும் பண்ணலைன்னு கார்டு கிடையாது. சொன்னா, சொல்லிட்டேன்னு கார்டு கிடையாது. அம்மா, இதை எழுதினவன்தான் நிஜ மேஜிக்காரன்!"

மனுவில் "இருபத்திரண்டு ஆண்டுகள் வாள் பெட்டி வித்தை" என்று மட்டும் எழுதி அனுப்பினாள். எட்டாம் நாள் பதில் வந்தது. சங்கத் தலைவரே கையெழுத்திட்டிருந்தார். "உதவியாளரின் பணி பெட்டிக்குள் அமர்ந்திருப்பதோடு முடிவடைகிறது. அதற்குத் தனித்திறன் எதுவும் தேவையில்லை. எனவே மனு ஏற்கத்தக்கதன்று. ஆட்சேபம் இருப்பின் வரும் ஞாயிறு காலை பொதுக்கூட்டத்தில் ஒரு வித்தையை நேரில் செய்துகாட்டலாம். ரகசியம் எதுவும் பேசலாகாது."

அவள் கடிதத்தை இரண்டாக மடித்து அடுப்புமேடையில் வைத்துவிட்டு மாஸ்டரைக் கேட்டாள்: "ஏங்க, நான் உள்ள என்ன பண்றேன்னு உங்களுக்காவது தெரியுமா?"

"இதென்ன கேள்வி? குனிஞ்சுக்குவே."

"அப்புறம்?"

"அப்புறம்..." மாஸ்டர் மாவுக்கட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "அப்புறம் குனிஞ்சபடியே இருப்பே."

"பன்னிரண்டு வாளுக்குமா?"

"பின்னே?"

அவளுக்குச் சிரிப்பு தொடங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மகளும் சேர்ந்துகொண்டாள். மாஸ்டர், "என்னடி, என்ன சொல்லிட்டேன் இப்ப?" என்று மாறி மாறி இருவரையும் பார்த்தார். அந்த வித்தையை ஊர் ஊராகக் காட்டி மெடல் வாங்கிய மனிதருக்கு அது எப்படி நடக்கிறது என்பது தெரியாது. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை. வித்தைக்காரர்களுக்கு மட்டுமே நேரக்கூடிய தவறு இது. அடுத்தவர் கண்ணைத் திருப்பித் திருப்பி, தங்கள் கண்ணும் திரும்பிவிட்டது தெரியாமல் இருந்துவிடுகிறார்கள்.

"இவருக்கே தெரியாதுன்னா, அவங்களுக்கு?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி. சிரிப்பு நின்றது. முகத்தில் வேறு ஏதோ வந்தது. "ஞாயித்துக்கிழமைக்கு ஒரு வேன் சொல்லும்மா. பெட்டியைத் தூக்கிட்டுப் போகணும்."

சங்கத்தின் கூடம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில். சுவர் முழுக்க மீசைகளின் புகைப்படங்கள். நாற்பது நாற்காலிகள், நாற்பதிலும் ஆண்கள். தலைவர் அறுபது வயதிலும் மூங்கில்போல ஒல்லியாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவரும் முப்பது வருடம் வாள் பெட்டி வித்தை செய்தவர். அவர் பெட்டியும் மாஸ்டரின் பெட்டியும் ஒரே தச்சர் கையால் பிறந்தவை. தலைவரின் பெட்டிக்குள் இறங்கியவர் அவருடைய தங்கை. இப்போது ஷோ இல்லாததால் கூட்டங்களுக்கு வந்து எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் செயலாளர், மடியில் விதிப்புத்தகம்.

"ஏம்மா, இவ்வளவு பெரிய பெட்டி எதுக்கு? ஒரு சீட்டு வித்தை காட்டியிருக்கலாமே" என்றார் தலைவர்.

"எனக்குத் தெரிஞ்சதைத்தானே ஐயா காட்டணும்."

"இதுல உள்ள உக்காந்தா அது உன் வீட்டுக்காரர் வித்தை. உன் வித்தையாகாது."

"அதனாலதான் நான் வெளியே நிக்கப்போறேன் ஐயா. வாளை நான் செருகுறேன்."

செயலாளர் குறித்துக்கொண்டார். "உள்ளே யார்?"

அவள் கடிதத்தை எடுத்து விரித்தாள். "உக்காந்திருந்தா போதும், தனித்திறன் தேவையில்லைன்னு சங்கமே எழுதியிருக்கு. அப்படின்னா யார் உக்காந்தா என்னங்க? ஐயாவே வரலாமே. ஐயா செஞ்ச வித்தைதானே?"

கூடத்தில் ஒரு "ஆகா" எழுந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ, "தலைவரே, போங்க! மார்க்கண்டேயர் நீங்க!" என்று கத்தினார்கள். தலைவருக்குத் தம் உடம்பைப்பற்றி ஒரு கர்வம் உண்டு. தினமும் காலையில் நடப்பவர். கோட்டைக் கழற்றிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, காலைத் தூக்கி உள்ளே வைத்தார்.

டீ ஊற்றிக்கொண்டிருந்த தங்கையின் கை நின்றது. அண்ணன் எந்தக் காலை முதலில் வைத்தார் என்று பார்த்தார். "ச்" கொட்டினார். மறுபடி ஊற்றத் தொடங்கினார்.

"வசதியா இருக்கா ஐயா?"

"சிம்மாசனம் மாதிரி இருக்கு. மூடும்மா."

மூடினாள். முதல் வாளை எடுத்து, மாஸ்டர் செய்வதுபோலவே உயர்த்தி, கண்ணை உருட்டினாள். முன்வரிசையில் இருந்த மாஸ்டர் மாவுக்கட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். வாளை முதல் துளையில் வைத்து, குழந்தைக்கு மருந்து ஊட்டுவதுபோல் மெதுவாக உள்ளே விட்டாள். நான்கு விரல் போனதும் நின்றது.

"ஏம்மா! நிறுத்து!"

"என்னங்க ஐயா?"

"அது நான்."

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது.

"கொஞ்சம் நகர்ந்துக்குங்க ஐயா."

"எங்கே நகர்றது?"

"ஐயா, அது ரகசியம். பேசக்கூடாதுன்னு கடுதாசியில இருக்கு."

 பெட்டிக்குள்ளிருந்து ரோஷமான ஒரு குரல்: "இரு. நானே கண்டுபிடிக்கிறேன். முப்பது வருஷ வித்தை எனக்குத் தெரியாதா?" உள்ளே ஏதோ உருண்டது, முட்டியது, உராய்ந்தது. பெட்டி ஒருமுறை துள்ளிக்கூடச் செய்தது. பிறகு மெலிந்துபோன ஒரு குரல்:

"செயலாளரே..."

"தலைவரே?"

"என் ஒரு காலைக் காணோம்."

மூடியைத் திறந்தார்கள். தலைவரின் தலையும் தோளும் வெளியே இருந்தன. ஒரு முழங்கால் காதருகே இருந்தது. மற்றொரு கால் பெட்டியின் ஏதோ ஓர் இடுக்கில் இடுப்புவரை போய் மறைந்திருந்தது. இரண்டு பேர் தோளைப் பிடித்து இழுத்தார்கள். "ஐயோ! விடுங்கடா, தோள் கழண்டு கையோட வந்துடும்!" என்று தலைவர் அலறினார். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எண்ணெய் ஊற்றலாம் என்றார் ஒருவர். மந்திரக்கோலால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள் என்றார் இன்னொருவர், அடி வாங்காமல் தப்பியது அதிசயம். "பலகையை அறுத்துடலாம், ரம்பம் கொண்டுவாங்க" என்றார் செயலாளர். நாற்பது வித்தைக்காரர்கள், அதில் பாதிப் பேர் ஆயுசு முழுக்க மேடையில் ஆளை இரண்டாக அறுத்தவர்கள், ஒருவர் வீட்டிலும் வெட்டுகிற ரம்பம் ஒன்று கிடையாது.

தலைவரின் பார்வை தங்கையிடம் போனது. "நீ சொல்லேன். நீ எப்படி வெளியே வருவே?"

தங்கை கெட்டிலைக் கீழே வைத்தார். "எனக்கு என்னண்ணே தெரியும்? நான் சும்மா உக்காந்திருந்தவதானே. நீதானே எழுதிக் கையெழுத்துப் போட்டே."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அவள் பெட்டியருகே வந்தாள். தலைவரின் உதடு வெளுத்திருந்தது, நெற்றியெல்லாம் வியர்வை. இடுக்கில் கால் மரத்துப்போய், பிறகு நெருப்பாக எரியத் தொடங்கும் அந்த நிமிடம் அவளுக்குத் தெரியும். கல்யாணமான முதல் வருடம், ஒத்திகையில், அரைமணி நேரம் அப்படிக் கிடந்திருக்கிறாள். அவளுக்குச் சொல்லித்தர யாருமே இல்லை. ஒவ்வொரு கணுவாக அவளே கண்டுபிடித்து வெளியே வந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் வாள் உள்ளே போகாது என்று காட்டுவதற்குத்தான் இன்று வந்தாள். கிழவரைச் சிறைவைப்பதற்கு வரவில்லை.

குனிந்தாள்.

"அம்மா, நில்லுங்க!" என்று செயலாளர் புத்தகத்தைத் தூக்கினார். "வாயைத் திறந்து சொன்னீங்கன்னா விதி ஏழு. ஆயுளுக்கும் கார்டு கிடையாது. யோசிச்சுக்குங்க."

முன்வரிசையில் மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் நின்ற மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், நல்ல கையை. பெட்டியருகே குனிந்திருந்தவள் செயலாளரைப் பார்த்தாள். "வலிக்குதுங்க அவருக்கு" என்றாள். அவ்வளவுதான். தலைவரின் காதில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். தலைவர் தோளை ஒருபக்கம் இறக்கினார். மறுபடி சொன்னாள். இடுப்பைத் திருப்பினார். மூன்றாவது தடவை சொன்னபோது கால் வெண்ணெயில் செருகிய கத்திபோல வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு செருப்பு மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

தலைவரை நாற்காலியில் உட்காரவைத்துக் காலை நீவிவிட்டார்கள். செயலாளர் தொண்டையைக் கனைத்தார். கொடியவர் அல்லர், புத்தகத்தைத் தவிர வேறெதையும் நம்பாதவர். புத்தகத்தை நம்புகிறவர்களால் உலகத்தில் நடந்த கேடு கொஞ்சமா நஞ்சமா! "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ரகசியத்தைப் பிறருக்குச் சொல்லிட்டாங்க. மனு தள்ளுபடின்னு எழுதிடறேன்."

"ஒரு நிமிஷம்." தலைவரின் தங்கை நடுக்கூடத்துக்கு வந்தார். வந்துபோன கூட்டங்களிலெல்லாம் அவர் பேசிய நீளமான வாக்கியம் 'சர்க்கரை போதுமா' என்பதுதான். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இவங்க உன் காதுல சொன்னது உனக்குத் தெரிஞ்சதா, தெரியாததா?"

தலைவர் நிமிர்ந்தார். தங்கை விடவில்லை.

"தெரிஞ்சதுன்னா, இவங்க எந்த ரகசியத்தையும் சொல்லலை. விதி ஏழு பொருந்தாது. தெரியாததுன்னா, முப்பது வருஷமா ரகசியம் தெரியாம வித்தை காட்டியிருக்கே. விதி ஒண்ணைப் படிங்க செயலாளரே. ரகசியத்தை அறிந்தவர்தானே வித்தைக் கலைஞர்? அப்ப முதல்ல யார் கார்டைத் திருப்பி வாங்கணும்?"

செயலாளர் விதி ஒன்றைப் படித்தார். விதி ஏழைப் படித்தார். மறுபடி ஒன்றுக்குப் போனார். புத்தகம் அவரைக் கைவிட்டது.

தலைவர் குனிந்து தம் முழங்காலை நீவிக்கொண்டார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்: "எட்டாவது வாள்ல நான் எப்பவும் வேகமா குத்துவேனே. அப்ப நீ என்ன பண்ணுவே?"

"சமாளிச்சுக்குவேண்ணே" என்றார் தங்கை.

"தெரியாது" என்றார் தலைவர் கூட்டத்தைப் பார்த்து. "எனக்குத் தெரியாது. எழுதிக்குங்க. என் கார்டை என்ன பண்றதுன்னு அப்புறம் பேசலாம். முதல்ல இவங்களுக்கு ஒண்ணு போடுங்க."

"ரெண்டு" என்றார் தங்கை.

நாற்பது வருடமாகச் சங்கத்தின் கார்டுகளில் "திரு." என்றுதான் அச்சடித்திருந்தார்கள். அன்று செயலாளர் அதற்குப் பக்கத்தில் பேனாவால் "மதி" சேர்த்தார், இரண்டு அட்டைகளிலும்.

அடுத்த நாளே அவள் அச்சகத்துக்குப் போனாள். அச்சகக்காரர் பழைய போஸ்டரை எடுத்துவைத்துக்கொண்டு, "மேலே உங்க பேரு. கீழே 'மற்றும் குழு' அப்படியே இருக்கட்டுமா? குழுன்னா இப்ப மாஸ்டர்தானே?" என்று கண்ணடித்தார்.

"வேண்டாங்க. குழுன்னு ஒரு ஆளே உலகத்துல கிடையாது. அவர் பேரைப் போடுங்க, என் பேர் அளவுக்கே. புறா பார்த்துக்கிறது, பாட்டு போடறது எல்லாம் அவர்தான் பண்ணப்போறார். ஒத்தைக் கையால."

விடுமுறையின் முதல் நாள் காலை அரங்கம் நிரம்பியிருந்தது. சீட்டு வித்தையில் ஒரு சீட்டைத் தவறவிட்டாள். "இது எங்க வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தது" என்று சொல்லிச் சமாளித்தபோது வித்தைக்கு விழவேண்டிய கைதட்டலைவிட அதிகமாகச் சிரிப்பு விழுந்தது. கடைசியில் பெட்டி வந்தது. பன்னிரண்டு வாள்கள் மேசைமேல் பளபளத்தன. அவள் கோட்டைக் கழற்றிவிட்டு, காலை எடுத்துவைத்து, தானே மூடியைச் சாத்திக்கொண்டாள்.

மாஸ்டர் மாவுக்கட்டோடு மேடைக்கு வந்தார். "மேஜிக் பண்றவங்க உள்ள இருக்காங்க. வெளியே எனக்கு ஒரு வேலையும் இல்லை. உள்ள என்ன நடக்குதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. வாளைச் செருக உங்கள்ல பன்னிரண்டு பேர் வாங்க."

முதலில் வந்தது ஒரு மூதாட்டி, அடுத்து ஒரு தபால்காரர், ஒரு கல்லூரி மாணவி. மாஸ்டர் துளையைக் காட்ட, ஆளுக்கொரு வாளைச் செருகிவிட்டுப் போனார்கள். பன்னிரண்டாவதாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி ஏறினாள். வாளைத் துளையருகே கொண்டுபோனவள் தயங்கினாள். பெட்டியின் பலகையில் வாயை வைத்து, ரகசியம் மாதிரி, ஆனால் அரங்கத்துக்கே கேட்கும்படி கேட்டாள்:

"ஆன்ட்டி, உங்களுக்கு வலிக்குமா?"

இருபத்திரண்டு வருடங்களில் அந்தப் பெட்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசக்கூடாது, உள்ளே ஆள் இருக்கும் நினைப்பே பார்ப்பவர்களுக்கு வரக்கூடாது என்பது தொழிலின் வழக்கம்.

"வலிக்காதும்மா" என்றது பெட்டி. "நேரா தள்ளு. மீதியை நான் பாத்துக்கறேன்."